வேண்டுமென்று சேர்க்கவில்லை

வாட்ச் ஸ்ட்ராப் தொழிலில் நிறத்தைக் கேட்பார்கள், விலையைக் கேட்பார்கள், வியர்வையில் நாறுமா என்று கேட்பார்கள். அது எதனால் ஆனது என்று யாரும் கேட்பதில்லை, கேட்க ஆரம்பித்தால் நிறுத்துவதுமில்லை. ஒரகடத்தில் ஸ்மார்ட்வாட்ச் ஸ்ட்ராப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரச் சான்று கொடுப்பது என் வேலை. பதினாறு வருஷம் வெளிநாட்டில் இதையே செய்துவிட்டுத் திரும்பி வந்தவள். அடுத்தவர் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான்.

ஷேர் ஆட்டோவில்

எங்கள் விலை உயர்ந்த ஸ்ட்ராப்புகள் ஃப்ளோரின் ரப்பரில் வருபவை. எண்ணெய் ஒட்டாது, வியர்வை ஏறாது, தொட்டால் அவ்வளவு வழவழப்பு. அந்த வகை ரப்பரில் லேசில் அழியாத வேதிப்பொருள்கள் தங்கியிருக்கலாம், தோல் வழியாக உடம்புக்குள் போகலாம் என்ற செய்தி போனில் சுற்ற ஆரம்பித்த வாரம் அது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் இருந்த அம்மா என் அடையாள அட்டையைப் படித்துவிட்டு, "உங்க கம்பெனி தானே அந்த வெச ஸ்ட்ராப்பு?" என்றார். "எங்க கம்பெனின்னு எதுலயும் போடலைங்க, பொதுவா..." என்று இழுத்தேன். ஆட்டோ மொத்தமும் என் மணிக்கட்டைப் பார்த்தது. ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னிடம் கேட்டார்: "ரப்பரே வெசம்னா, காலையிலேர்ந்து நான் புடிச்சிக்கினு கீறேனே இந்த ஹேண்டில்பாரு, அதுக்கு இன்னா மேடம் சொல்றீங்க?"

ரிஜெக்ட் பெட்டி

விதிப்படி, கழித்த ஸ்ட்ராப்பை இரண்டாக வெட்டித்தான் குப்பைக்கு அனுப்ப வேண்டும். நடைமுறையில், ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு மாலை கட்ட, டிபன் பாக்ஸ் மூடியை இறுக்க, வண்டியில் பையைக் கட்ட என்று ஆளாளுக்கு நாலைந்து எடுத்துப் போவார்கள். கேட் பாஸில் கையெழுத்து என்னுடையது. நிறத்தில் ஒரு புள்ளி பிசகு, அவ்வளவுதானே என்று நான்தான் விட்டேன்.

தேவகி எங்கள் மோல்டிங் லைன் லீடர், பிள்ளைப்பாக்கத்துக்காரி. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் போனை என் முன் நீட்டினாள். பல் முளைக்கிற பெண் குழந்தை ஒரு மஞ்சள் ஸ்ட்ராப்பை இரண்டு கையாலும் பிடித்து வாயில் திணித்திருந்தது. எச்சில் ஸ்ட்ராப்பில் வழிந்து முழங்கை வரை இறங்கியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மஞ்சள், அதே ஃப்ளோரின் ரப்பர். தயிர் சாத டப்பாவை மூடி வைத்தேன். தேவகிக்கு ஒரே பெருமை: "மாசக்கணக்கா கடிச்சிக்கினு கீறா மேடம், ஒரு பல்லுத் தடம் வுழல, நம்ம குவாலிட்டி அப்டி!"

வெள்ளைத் தடம்

அன்றைக்கே ஸ்ட்ராப்பை வாங்கி வைக்கச் சொன்னேன். தண்டலம் பக்கத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் நானும் கூடவே போனேன். குழந்தை நன்றாக இருக்கிறாள், இனி வாயில் வைக்க விடாதீர்கள், பின்னால் என்ன ஆகும் என்பதை இப்போது பார்த்துச் சொல்ல முடியாது என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைத் தேவகியும் கேட்டாள், நானும் கேட்டேன்.

மறுநாள் எங்கள் ஸ்ட்ராப் போட்ட என் வாட்சைக் கழற்றி மேஜைக்குள் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். வெயில் படாத மணிக்கட்டு வெள்ளைப் பட்டையாகப் பளிச்சென்று தெரிந்தது. ஸ்ட்ராப் ஓரத்துப் பிசிறை வெட்டும் பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவள். வெட்டுகிற கையை நிறுத்தாமல் சொன்னாள்: "மேடமே கழட்டிட்டாவ, அப்பம் நாங்க கிளவுஸாவது கேக்கலாம்லா?"

கிளவுஸ் வந்தது.

ஒரு வினைச்சொல்

ரப்பர் அனுப்பும் நிறுவனத்துக்குப் போன் போட்டு, "அந்தப் பொருள் இதில் இருக்கிறதா?" என்று கேட்டேன். "டிக்ளரேஷன் அனுப்பிட்டோமே மேடம்" என்றார் விற்பனைக்காரர். அதில் இருந்தது ஒரே வாக்கியம்: வேண்டுமென்று சேர்க்கவில்லை. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதையே வாசித்தார். ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தைப் பல வருஷம் படித்து, உறுத்தல் இல்லாமல் கையெழுத்துப் போட்டவள் நான். பத்தாவது வரை தமிழில் படித்து அப்புறம் ஆங்கிலத்துக்கு மாறியவள் என்பதால் நோட்டீஸ் போர்டுக்கு மொழிபெயர்ப்பது எப்போதும் என் தலையில் விழும். தமிழில் எழுதியதும், பாத்திரத்தை உடைத்துவிட்டு நிற்கும் பிள்ளையின் பதிலாக அது மாறிவிட்டது.

தேவகி அதை இரண்டு முறை படித்தாள். "அப்ப இல்லியா மேடம்?"

"சேர்க்கலைன்னு சொல்றாங்க."

"அதான் படிச்சேனே. அது உள்ள கீதா, இல்லியா?"

நான் நோட்டீஸின் ஊசியை அழுத்திச் சரிசெய்தேன். அது நேராகத்தான் இருந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை: "ரசத்துல உப்பு போட்டீங்களான்னா கேட்டேன்? என் பொண்ணு குடிச்சிட்டா மேடம், உப்பு கீதான்னு கேட்டேன்."

கட்டம்

எடுத்துப்போன ஸ்ட்ராப்புகளைத் திரும்பக் கேட்டேன். சாம்பார் வாசனையோடு சில வந்தன. மஞ்சளைத் தேவகி தனியாக ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தாள். அதையும், அதே லாட்டில் கைபடாத ஒன்றையும் வெளிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். முடிவு வர வாரங்கள் ஆகும் என்றார்கள். தினமும் ஷிஃப்ட் தொடங்கும்போது தேவகி என்னைப் பார்ப்பாள். இன்னும் வரவில்லை என்று நான் தலையாட்டுவேன். அவள் லைனுக்குப் போய்விடுவாள்.

இதற்கு நடுவில் வாட்ச் கம்பெனியிலிருந்து படிவம் வந்தது. அந்த வேதிப்பொருள் ஸ்ட்ராப்பில் உண்டா? இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். வழக்கமாக ரப்பர்காரரின் காகிதத்தைப் பின்னால் இணைத்து 'இல்லை'யில் டிக் அடிப்பேன். இந்த முறை, "ரிப்போர்ட் வரும் வரைக்கும் எனக்குத் தெரியாது சார்" என்று பிளான்ட் மேனேஜரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், நிஜமாகவே தேடினார்: "புரியுது மேடம், ஆனா 'தெரியல'ன்னு இதுல கட்டமே இல்லையே!"

இத்தனை வருஷம் பிறர் போட்ட கட்டங்களில் டிக் அடித்தே பழகிய கை என்பதால், நானே பேனாவால் வரைந்த அந்த மூன்றாவது கட்டம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.