சித்தி ஊட்டிய சுளை

பிள்ளை வேண்டும் என்று தேடி வாங்கிவந்த பழத்தை ஒருத்தி எதற்காக இன்னொருத்தியின் பிள்ளைக்கு ஊட்டிவிட வேண்டும்? எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை.

சங்கரன்கோவிலில் நாங்களும் சித்தப்பாவும் சித்தியும் ஒரே வீட்டில் இருந்தோம். கலியாணமாகி வெகுகாலமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீர் ஓடுகிற இடத்தில் சித்தி பிச்சியும் கனகாம்பரமும் வளர்த்திருந்தாள். எங்கள் ஊர்க் கோடையில் அது பெரிய காரியம். தெருவில் யார் வீட்டில் வளைகாப்பு என்றாலும் பூவுக்கு அவளிடம்தான் வருவார்கள். பூ போகும், சித்தி போகமாட்டாள். அவளுக்குக் கூட்டம் பிடிக்காது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் குற்றாலச் சாரலுக்குப் போன சித்தப்பா, சாக்கில் சுற்றி ஒரு பழம் கொண்டுவந்தார். பலாவின் குட்டி போலிருந்தது; முள் மட்டும் கையைக் கிழிக்கும். துரியன் என்றார். வாடை தாங்காமல் பஸ்ஸிலிருந்து அவரைக் கடையநல்லூரில் இறக்கிவிட்டார்களாம். அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து வந்தார். இதை அறியாத அப்பா, எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று மறுநாள் காலையில் நெல் மூட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளையில்லாத பெண் வெள்ளிக்கிழமை தலைமுழுகி, அதைத் தனியாகத் தின்ன வேண்டும், வேறு யார் வாயிலும் படக்கூடாது என்று விற்றவர் சொல்லியிருந்தார். இதுவும் பலிக்காவிட்டால் சித்தப்பாவுக்குக் குருவிகுளத்தில் வேறு பெண் எடுப்பதாகப் பேச்சு. இதெல்லாம் அம்மா பிற்பாடு சொன்னது. அன்று எனக்குத் தெரிந்தது, வீட்டில் ஒரு பழம் இருக்கிறது, எனக்குத் தரமாட்டார்கள் என்பது மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை நான் பூப் பறிக்கப் போனபோது, சித்தி பிச்சிக்கொடிப் பக்கத்தில் ஈரத் தலையோடு உட்கார்ந்து பழத்தைப் பிளந்து வைத்திருந்தாள்.

"ஏட்டி, இங்கன வா. வாயத் தொற."

"நாறுது சித்தி."

"நாக்குல பட்டா நாத்தம் போயிரும். தின்னு பாரு."

அப்படித்தான் ஆனது. வெண்ணெயில் சர்க்கரையைக் குழைத்த மாதிரி இருந்தது. மறுபடி வாயைத் திறந்தேன், மறுபடி ஊட்டினாள். பாதிப் பழம் போன பிறகுதான் அவளுக்கு வேண்டாமா என்று கேட்கத் தோன்றியது.

"எனக்கு இந்த நாத்தமே போதும் மக்கா" என்று சிரித்தாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. உப்பைப் போட்டு என் பல்லைத் தேய்த்துவிட்டு, சித்தப்பாவிடம் மூச்சு விட்டால் சூடு போட்டுவிடுவேன் என்றாள். அம்மாவுக்குக் கோபமா பயமா என்று எனக்குப் புரியவில்லை.

தை மாதம் சித்தப்பாவுக்கு இரண்டாம் கலியாணம் நடந்தது. பூ எல்லாம் சித்தியின் கொடியிலிருந்துதான். அவள் தொடுக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன். இன்னொரு சித்தி வரப்போகிறாள் என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்த நான், சித்தியிடமும் சொன்னேன்.

"ஆமாட்டி, ஒனக்குத்தான் யோகம்" என்றாள். நாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது ஏன் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவேயில்லை.

இப்போது எனக்கு ஒரு மகள். வருகிற ஆவணியில் காது குத்து. தன் கையால் குழந்தைக்குப் பூ வைத்துவிட வேண்டும் என்று சித்தி கேட்டிருக்கிறாள். இதற்குமுன் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. என் மாமியாரோ, "வந்து சாப்பிட்டுட்டுப் போவட்டும். பிள்ளைத் தலையில கை வைக்க வேண்டாம்" என்கிறார்கள்.

நான் படித்தவள்; இதிலெல்லாம் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை லேசாக இருமினாலும் அந்தப் படிப்பு எங்கோ போய்விடுகிறது.

இப்படி ஒரு நிலையில் இருந்த தாய்மார்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதினால் உதவியாயிருக்கும். மாமியாருக்குச் சொல்ல ஏதாவது ஒரு பதிலை நானே தேடிக்கொள்வேன். சித்தி வந்து குழந்தைக்காகக் கையை நீட்டினால் நான் என்ன செய்வது?