மூன்று முறை நல்லது

கோயில் களஞ்சியத்தில் இருபது வருடம் ஜாடிகளின் தோளில் எழுதியவன் பாஷெத். என்ன பண்டம், எந்த ஆண்டு, எங்கிருந்து, யாருக்கு, என்ன தரம். அவ்வளவுதான் அவன் எழுத்து. சுமாரான மதுவுக்கு ஒரு 'நல்லது', உயர்ந்ததற்கு இரண்டு, அரண்மனைக்குப் போவதற்கு மூன்று. பெரிய எழுத்தர்கள் அவனைத் தங்கள் பாயில் உட்கார விட்டதில்லை. அவர்களுக்கு வாய்தான் பெரிது.

"உன் பொண்டாட்டிக்கும் தரம் எழுதிட்டியா?" என்று கூட்டாளிகள் சீண்டுவார்கள்.

"எழுதட்டுமே! மூணு 'நல்லது'க்கு ஒண்ணு குறைஞ்சாலும் வீட்டுல ரொட்டி கிடையாது," என்பாள் அவன் மனைவி வியய்.

அந்த வியய் பிரசவமான ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தாள். குழந்தை ஹெனுத்துக்குப் பக்கத்து வீட்டுத் தூயா பால் கொடுத்தாள். ஆறாம் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது, இறங்கவே இல்லை.

"அண்ணே, அவ அம்மாதான் கூப்பிடுறா. பிள்ளையை விடச் சொல்லி கிண்ணத்துக்குள்ள எழுதி, மேல சாப்பாட்டை வச்சு, கல்லறை வாசல்ல வை. தின்னு முடிச்சா அடியில இருக்கறதப் படிப்பா," என்றாள் தூயா.

முழு வாக்கியம் எழுதி அவனுக்குப் பழக்கமில்லை. திண்டாடி எழுதினான்: 'பிள்ளையை விட்டுவிடு. எனக்கு வேறு யாரும் இல்லை.' அதன்மேல் அவளுக்குப் பிடித்த பார்லிக் கஞ்சியைச் சுடச்சுட ஊற்றி வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தான். கஞ்சி கறுத்துக் கிடந்தது. வழித்துக் கொட்டினால் அடியில் ஒரு எழுத்துகூட இல்லை. ஈரம் பட்டால் மை நிற்காது என்று களஞ்சியத்தையே திட்டித் தீர்த்தவன், தன் கிண்ணத்தில் அதை மறந்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கிண்ணத்தைத் துடைத்து மறுபடி எழுதி, காய்ந்த ரொட்டியை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

தூயா வெறுங்கையோடு வாசலில் நின்றிருந்தாள்.

கைக்குழந்தைக்குச் சவப்பெட்டி ஏது? களஞ்சியத்தில் ஒரு காலித் தேன் ஜாடி கொடுத்தார்கள். தோளில் அவன் முன்பு எழுதியதே இருந்தது. ஈரத்துணியால் துடைத்தான், உடனே போய்விட்டது. புதிதாக எழுதினான்: 'ஹெனுத். பாஷெத் வீட்டிலிருந்து. வியய்க்கு.' ஆண்டு எழுதும் இடத்தை வெறுமனே விட்டான். பிள்ளைக்கு ஓராண்டுகூட ஆகவில்லை.

"என்னண்ணே எழுதியிருக்கே?" என்றாள் தூயா.

"அவ அம்மாவுக்கு அனுப்புறேன்னு."

பிறகு 'நல்லது' என்று மூன்று முறை எழுதினான். மை காயும்வரை ஜாடியைத் தொட யாரையும் விடவில்லை.