கீரிக்கு வால் எங்கே என்று கேட்ட ரோஸ்லின்

திண்டிவனத்தில் பத்திர எழுத்தர் சீனுவாசனிடம் ரோஸ்லின் டைப்பிஸ்டாகச் சேர்ந்தது 1993இல். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. வேலை எளிமையானதுதான். நிலத்துக்குக் கிழக்கே பெரியதம்பியின் புஞ்சை என்று முதல் பக்கத்தில் இருந்தால், நாலாம் பக்கத்திலும் பெரியதம்பி கிழக்கேயே இருக்க வேண்டும். டைப் அடிக்கிற அவசரத்தில் அவரை மேற்குப் பக்கம் நகர்த்திவிட்டால் இரண்டு குடும்பம் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடக்கும். இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி வரும்: எதைப் படித்தாலும் தப்பு மட்டும் கண்ணில் படும். ரோஸ்லினுக்கு அது மூன்றே மாதத்தில் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் ஸ்டாண்டு கடையில் 'இடிமுழக்கம் சித்திரமாலை' அவள் கையில் கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து மாதாமாதம் வந்த காமிக்ஸ். வெளிநாட்டுக் கதையைத் தமிழில் போட்டார்கள். எந்த நாட்டுக் கதை, யாரைக் கேட்டுப் போட்டார்கள் என்று விசாரிக்க விழுப்புரத்தில் அப்போது யாருக்கும் நேரமில்லை. ஆராய்ச்சிக் கூடத்துப் பச்சைத் திரவம் ஒரு குளத்தில் கொட்டிவிடுகிறது. அதில் விழுந்த எருமை, தவளை, வௌவால், கீரி நான்கும் இரண்டு காலில் எழுந்து நின்று, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகின்றன. 'விபரீத நால்வர்' என்று பெயர். நம் ஊர் ஏரிகளில் கொட்டாத திரவமா? இருந்தும் ஒரு மாடுகூட இதுவரை பெல்ட் கட்டவில்லை.

படித்து முடித்ததும் ரோஸ்லின் கடுதாசி எழுதினாள். கை பழகிய பாஷையிலேயே வந்தது.

"ஐயா, ஏழாம் பக்கத்தில் எருமையாரின் இடது கொம்பு முறிந்தது. ஒன்பதாம் பக்கத்தில் மேற்படி கொம்பு யாதொரு சேதமுமின்றி அதே இடத்தில் காணப்படுகிறது. இடையில் வைத்தியம் நடந்ததாகத் தகவல் இல்லை. தவிரவும், தாங்கள் கீரி என்று சொல்லும் நபருக்கு வால் எங்கே? முகத்தில் வெள்ளைப் பட்டை எதற்கு? இரும்பை கிராமத்தில் என் சித்தி வீட்டு வேலியோரம் கீரியைப் பார்த்திருக்கிறேன். இது அது அல்ல. வில்லனோ நால்வரையும் கொல்லக் கிடைத்த ஐந்து வாய்ப்புகளை வரிசையாக விட்டுக்கொடுக்கிறார். இவ்வளவு பெருந்தன்மை உள்ளவரை வில்லன் என்பது அவதூறு."

அடுத்த மாதம் அது முழுசாக அச்சில் வந்தது. தலைப்பு: 'திண்டிவனம் சகோதரர் அ. ரோஸ்லின் அவர்களின் இடி.' காமிக்ஸுக்குக் கடிதம் எழுதுவது ஆணாகத்தான் இருக்கும் என்று ஆசிரியருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அம்மா சூசை மேரிக்கு அதைப் படித்துக் காட்டினாள்.

"பொண்ணு பாக்க வர்றவங்க கிட்ட என்னான்னுடி சொல்றது? எருமைக்கு லெட்டர் எழுதிக்கினு இருக்கான்னா?"

"சொல்லும்மா. ஓடறவன் இப்பவே ஓடட்டும்."

"இருக்கற பேஜாரு பத்தாதுன்னு இது வேற," என்று அம்மா சமையலுக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு மாதம் ஒரு விமர்சனம். மூன்றாவது மாதம் எதிரி முளைத்தான். கண்டாச்சிபுரத்திலிருந்து கோகுலகிருஷ்ணன் என்பவன் எழுதியிருந்தான்: "நான் எருமை வளர்ப்பவன். கொம்பு முறிந்ததை எருமை பெரிதுபடுத்தவில்லை. சகோதரர் ரோஸ்லின் ஏன் பெரிதுபடுத்துகிறார்? பாக்கெட் பால் குடிக்கிற டவுன்காரருக்கு எருமையின் மனசு புரியாது."

ரோஸ்லினுக்குச் சுருக்கென்றது. பதில் எழுதினாள். அவனும் விடவில்லை. தவளை தலைவனாகலாமா, வௌவால் பகலில் சண்டை போடலாமா என்று ஐந்து வருஷம் போனது. இடையில் இரண்டு மாப்பிள்ளைகள் வந்து பஜ்ஜி சாப்பிட்டார்கள். அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை. வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லை வரப்பில் உட்கார்ந்து தன்னைத் திட்டி எழுதும் ஒருவனை அவள் மனசுக்குள் பார்த்து வைத்திருந்தாள். வெளியே சொன்னதில்லை.

1998இல் மூன்று மாதம் இதழ் வரவில்லை. கடைசி இதழில் நால்வரும் தண்ணீர் நிரம்பும் அறையில் கழுத்தளவு நின்றுகொண்டிருந்தார்கள். ரோஸ்லின் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினாள்.

மாடி வைத்த கட்டடம், பத்துப் பதினைந்து பேர் என்று அவள் நினைத்திருந்தாள். இருந்தது ஒற்றை அறை அச்சகம். கல்யாணப் பத்திரிகை மாதிரிகளுக்கு நடுவே, தடித்த கண்ணாடி போட்ட அறுபது வயதுக்காரர் ஒருவர் பசை டப்பாவைத் துழாவிக்கொண்டிருந்தார். ஆசிரியர் விருத்தாசலம் அவர்தான்.

"வாம்மா, கல்யாணமா, காதுகுத்தா?"

"மூணு மாசமா நாலு பேர தண்ணியில முக்கி வெச்சிருக்கீங்க. எப்ப வெளிய எடுப்பீங்கன்னு கேக்க வந்தேன். பேரு ரோஸ்லின். திண்டிவனம்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயய்யோ! அஞ்சு வருஷமா சகோதரர்னு போட்டுட்டனேம்மா!"

"நான் சொல்லாம விட்ட ஒரே தப்பு அதுதாங்க."

அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. இங்கிலீஷ் வசனத்தை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்து, மேலே தமிழில் எழுதுவது, அச்சடிப்பது, பார்சல் கட்டுவது எல்லாமே அவர் ஒருவர்தான். இப்போது எழுத்து தெரியவில்லை. ரோஸ்லின் பசை டப்பாவை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள். பிறகு, வந்த இன்னொரு காரியத்தைக் கேட்டாள்.

"கண்டாச்சிபுரத்துக்காரரு ஒருத்தரு எழுதறாரே, அவரு அட்ரஸ் குடுங்க. நேர்ல ரெண்டு வார்த்தை கேக்கணும்."

விருத்தாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அப்டி யாரும் இல்லம்மா. கடுதாசிப் பக்கத்த ரொப்பணுமில்ல? தபால்ல வர்றது உங்களுது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நானே எழுதறது."

வரப்பு, மல்லாட்டைக் கொல்லை எல்லாம் அந்த நிமிஷமே காணாமல் போயிற்று. ஐந்து வருஷம் காதுகுத்துப் பத்திரிகை அடிக்கிற கிழவரிடம் மல்லுக்கட்டியிருக்கிறாள்! கோபத்தில் வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"நீங்க எருமை வளத்திருக்கீங்களா?"

"பாக்கெட் பால் வாங்கறதுதாம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் கோபித்துக்கொண்டு போகிற கௌரவம் போய்விடுகிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேனாவை வாங்கினாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விழுப்புரம். அகராதியை வைத்துக்கொண்டு அவள் தமிழாக்கினாள். அப்போதுதான் தெரிந்தது, மூலத்தில் அது கீரியே இல்லை. வளை தோண்டி வாழும் ஏதோ ஒரு சீமை மிருகம். மாற்றிவிடலாம் என்று குதித்தாள்.

"அஞ்சு வருஷமா கீரின்னு கூப்ட்டாச்சு. இப்ப மாத்தினா அதுக்கே மனசு கஷ்டப்படும்," என்றார் விருத்தாசலம்.

தப்பைச் சகிக்காத ரோஸ்லின் கடைசியில் கீரியின் வாயில் ஒரு வசனம் வைத்தாள்: "என் வால் பச்சைத் திரவத்தில் கரைந்துவிட்டது, நண்பா!" அடுத்த இதழில் விமர்சகர் ரோஸ்லின், மொழிபெயர்ப்பாளர் ரோஸ்லினைக் கிழித்துத் தொங்கவிட்டாள்: "மேற்படி விளக்கம், பதிவுக்குப் பின் பத்திரத்தில் செருகிய பக்கம்." கோகுலகிருஷ்ணன் எருமைமேல் சத்தியம் செய்து மொழிபெயர்ப்பாளருக்கு வக்காலத்து வாங்கினார். விருத்தாசலம் சொல்லச் சொல்ல அதையும் அவளே எழுதினாள்.

2000இல் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை இருதய அருண் கரண்டு ஆபீஸில் வேலை பார்ப்பவன், காமிக்ஸைத் தொட்டதில்லை. ஆனால் பெண் பார்க்க வந்த அன்றே, "காப்பில சக்கர ஜாஸ்திங்க" என்றான். பரவாயில்லை, ஆள் தேறும் என்று முடிவு செய்தாள்.

ஆபரேஷன் முடிந்து கண் தெரிந்ததும் விருத்தாசலம் முதலில் பார்த்தது விற்காமல் திரும்பிய கட்டுகளைத்தான். 2002இல் இதழை நிறுத்தினார். அடுத்த வருஷமே அதே நால்வர் கார்ட்டூனாகி கேபிளில் வந்தார்கள், தமிழ் பேசிக்கொண்டு. அதில் கீரியைக் கரடி ஆக்கியிருந்தார்கள். ரோஸ்லின் டிவி முன்னால் நோட்டோடு உட்கார்ந்தாள். சேனலுக்கு எழுதிய பதினோரு கடிதங்களுக்கும் பதில் இல்லை. டிவிக்காரர்கள் வாசகர் கடிதம்கூட சொந்தமாக எழுதிக்கொள்வதில்லை.

2009இல் பத்திரம் எழுதும் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. சீனுவாசன் சாப்பிடப் போகும் நேரத்தில் வலைப்பூ தொடங்கி, வாரம் ஒரு எபிசோடு விமர்சனம் போட்டாள். "ஒன்பதாவது எபிசோடில் நகரத்தின் பாலம் மூன்றாவது முறையாக இடிந்தது. ஒப்பந்ததாரர் நம் ஊர்க்காரர் போலிருக்கிறது." ஒரு வருஷம் ஈ காக்கை வரவில்லை. பிறகு ஒருநாள் பொம்மையார்பாளையத்திலிருந்து புனிதா என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: "அக்கா, நீங்க எபிசோட ஒழுங்கா பாக்கல. இடிஞ்சது வேற பாலம். கண்ணாடி போடுங்க."

ரோஸ்லின் உடனே விழுப்புரத்துக்கு போன் போட்டாள்.

"இது நீங்கதான?"

"எது?"

"புனிதா."

"எனக்கு கம்ப்யூட்டரே தெரியாதும்மா," என்றார் விருத்தாசலம். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

அன்றைக்கே அந்த எபிசோடை யூடியூபில் தேடி மறுபடி போட்டுப் பார்த்தாள். இடிந்தது வேறு பாலம்தான். அதற்காக ஒத்துக்கொள்ள முடியுமா? இரண்டு பாலங்களையும் ஒரே மாதிரி வரைந்த ஓவியரைத் திட்டி, மூன்று பத்தியில் பதில் அடிக்க ஆரம்பித்தாள். சாப்பிட்டுவிட்டு வந்த சீனுவாசன், வாசலில் ஒரு பார்ட்டி பத்திரத்துக்காகக் காத்திருப்பதைச் சொன்னார்.

"ரெண்டு நிமிசம் இருக்கச் சொல்லுங்க சார்," என்றாள் ரோஸ்லின், தலையைத் தூக்காமல்.