கை மேல் பழி

“கிளட்ச்சை விடு… மெதுவா… தூங்குற குழந்தை மேலேருந்து போர்வையை எடுக்குற மாதிரி விடச் சொன்னா, பல்லைப் பிடுங்குற மாதிரி விடுறியே!” வலப்பக்கம் வியர்த்துக்கொண்டிருக்கும் மாணவரிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, குறுக்கே பாய்ந்த சைக்கிள்காரரை “வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாப்பா?” என்று விசாரித்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறார் பிரேக் அக்கா. மாணவர் பெரிய ஆபீசராக இருந்தாலும் அந்த வண்டிக்குள் ‘நீ’தான்.

கார் ஓட்டச் சொல்லித்தரும் வண்டியில் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அக்காவின் பெயர் அதிலிருந்து வந்தது. பாதி ஆயுளை அந்தப் பிரேக்கின் மேல் காலை வைத்தே கழித்தவர். பஸ்ஸில் போனாலும் வலது கால் தரையை அழுத்தும். வீட்டில் டிவியில் கார்கள் துரத்திக்கொண்டால் எதிரே இருக்கும் முக்காலி நகர்ந்துவிடும். “அது படம்மா” என்பான் மகன். “படம்னா மட்டும் மோதலாமா?” என்பார்.

கோபத்திலும் அவருக்கு ஒரு தனி வழக்கம். சாதாரணக் கோபத்தில் கத்துவார். கோபம் தலைக்கேறினால் குரல் தணிந்து மரியாதை கூடிவிடும். ‘நீ’ என்பது ‘நீங்க’ ஆகும். ‘நீங்க’ என்பது ‘சார்’ ஆகும். அந்த டிரைவிங் பள்ளியின் முதலாளி அவருடைய கூடப்பிறந்த அக்காளின் கணவர். அவரை ‘அத்தான்’ என்றுதான் கூப்பிடுவார். ‘முதலாளி’ என்று கூப்பிட்டால் அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் டம்ளரோடு வெளியே போய்விடுவார்கள்.

அந்த வார்த்தையை வரவழைத்தது பள்ளியின் வெள்ளைக் கார். கொஞ்ச நாளாகவே அது இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நேராகப் பிடித்தால் நடைபாதையோரம் ஒதுங்கும். பிரேக் போட்டால் இன்னும் ஒதுங்கும். அக்கா சொன்னார். அத்தான் ஷெட்டுக்கு அனுப்பினார். மெக்கானிக் விடிந்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “நூல் புடிச்ச மாதிரி போகுதுக்கா, உங்களுக்கு ஏதோ பிரமை” என்றார். சக்கரங்களை ஒருமுறை நேர்ப்படுத்தி அனுப்பினார். மதியம் மறுபடி இழுத்தது.

“ரோடு ஓரமாச் சரிஞ்சிருக்கும்மா, தண்ணி வடியணுமில்ல?” என்றார் அத்தான்.

“அப்ப மத்த வண்டியெல்லாம் ஏன் ஓரத்துல போய் விழல?”

அத்தான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது அடிக்கவே இல்லை.

இது இப்படியே வாய்ச்சண்டையாகவே போயிருக்கும், ரொட்டிக்கடைப் பெண் மட்டும் இல்லாவிட்டால். அவள் ஒரு ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து, பாக்கெட் கட்டுகிறவள். கடையின் டெலிவரி வேனை ஓட்டியவர் வேலையை விட்டுப் போனதும், ‘லைசென்ஸ் எடுத்துட்டு வா, வேன் உனக்குத்தான்’ என்று சொல்லியிருந்தார்கள். விடிகாலை வேலையை முடித்து, கைமுட்டி வரை மாவோடு வந்து கற்றுக்கொண்டாள். கை சுத்தம், கண் சுத்தம். அக்கா யாரையும் லேசில் புகழ மாட்டார். இவளிடம் மட்டும், “உன் பக்கத்துல உக்காந்தா எனக்குத் தூக்கம் வருது” என்றார். அவர் வாயிலிருந்து அது மகாப் பட்டம்.

அவள் லைசென்ஸ் தேர்வுக்குப் போன இரண்டு முறையும் தோற்றாள். இரண்டு முறையும் வெள்ளைக் காரை ஓட்டிக் காட்டிய அன்றைய கூட்டத்தில் கடைசி ஆள் அவள். வெள்ளைக் கோட்டருகே நிறுத்தச் சொன்னார் அதிகாரி, பிரேக் போட்டாள், வண்டி இடப்பக்கம் திரும்பிக் கோட்டை மிதித்தது. ‘வண்டி கட்டுப்பாட்டில் இல்லை’ என்று எழுதிவிட்டார். அலுவலகத்துக்கு வந்தவளிடம் அத்தான் ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று, “உனக்கு எடது கை இழுக்குதும்மா. முன்னாடி போனவங்க இதே வண்டியிலதான பாஸ் பண்ணாங்க?” என்றார்.

அவள் வாசலில் நின்று தன் இடது கையைப் பிறத்தியார் கையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஆமாக்கா, எனக்குச் சின்ன வயசுலேருந்தே இந்தக் கை சரியில்ல போல” என்றாள் அக்காவிடம். அதோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

அன்றிரவு அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வண்டிக்கு வந்த நோய்க்கு ஒருத்தி தன் கையைச் சந்தேகப்பட வேண்டுமா? விடிகாலையில் மாவு பிசைகிற கை, பாக்கெட் கட்டுகிற கை, தட்டுத் தட்டாக ரொட்டியைச் சூட்டோடு சுமக்கிற கை. ஒரு வார்த்தையில் ஊனமாக்கிவிட்டார்களே!

மறுநாள் வேலையில் இறங்கினார். முன்சக்கரங்களை இடம் மாற்றினார். இடதை வலதுக்கு, வலதை இடதுக்கு. தானே ஜாக்கி வைத்து, தானே போல்ட் முறுக்கி, முகமெல்லாம் கரியோடு நின்றார். வண்டி அப்போதும் இடப்பக்கமே இழுத்தது.

“டயரை மாத்தி என்னத்தக் கண்ட?” என்றார் அத்தான்.

“டயர் இல்லேன்னு கண்டேன்.”

அடுத்து, சாமான் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் சிமென்ட் மைதானம். பலகை போல மட்டமான இடம். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், திரும்பி அந்த முனையிலிருந்து இந்த முனைக்கும் ஓட்டினார். தரைச் சரிவுதான் காரணம் என்றால் திரும்பி வரும்போதாவது வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆனால் வேறொன்று பிடிபட்டது. புறப்பட்ட புதிதில் வண்டி சமர்த்தாக நேரே போனது. பிரேக் போட்டுப் போட்டு ஓட்டியபின்தான் இழுக்க ஆரம்பித்தது. மெக்கானிக் விடிகாலையில் ஓட்டியதும், முன்னால் போனவர்கள் பாஸ் ஆனதும், கடைசி ஆள் தோற்றதும் ஒரே நூலில் கோத்த மாதிரி வரிசையாக வந்து நின்றன. அக்கா இறங்கி வலது முன்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனார், வெதுவெதுப்பு. இடது சக்கரத்தருகே கொண்டுபோன கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். தீய்ந்த வாடை வேறு.

வண்டியை ஆறவிடாமல் அலுவலகத்துக்கு விரட்டினார். குரல் தணிந்திருந்தது.

“கொஞ்சம் வெளிய வாங்க, முதலாளி.”

டம்ளர்கள் வெளியேறின. அத்தானும் வேறு வழியின்றி எழுந்தார். அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, ஆளில்லாத பின்தெருவில் ஓட்டச் சொன்னார். “இப்ப பிரேக் போடுங்க, முதலாளி.” போட்டார். வண்டி இடப்பக்கம் பாய்ந்து, குப்பைத்தொட்டியை உரசாத குறையாக நின்றது. அத்தான் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் எடது கை இழுக்குதுங்களா? டாக்டர்கிட்டக் காட்டலாமா?”

அக்கா இறங்கிக் குடிக்கிற தண்ணீரை வலது சக்கரத்தின் மேல் ஊற்றினார், ஒழுகிப் போனது. இடதின் மேல் ஊற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. எதிர்வீட்டுக்காரர், “அடுப்பு ஏதும் வெச்சிருக்கீங்களா அதுல?” என்று எட்டிப் பார்த்தார்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கை அழுத்தும் பிஸ்டன் துருவேறிக் கிடந்தது. அழுத்தினால் போய்ப் பிடிக்கும். காலை எடுத்தாலும் விடாது. பிடித்தபடியே ஓடிச் சூடேறும். சூடேறினால் இன்னும் இறுக்கும். “மத்தியானம் ஓட்டிப் பாத்திருக்கணும்க்கா” என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார். புதிது மாற்றினார்கள். அக்கா நாள் பூராவும் ஓட்டிப் பார்த்தார். கையை விட்டாலும் வண்டி கோடு கிழித்தாற்போல் போனது.

“சரி, முடிஞ்சுதில்ல? விடேன்மா” என்றார் அத்தான்.

“எது முடிஞ்சுது? அந்தப் பொண்ணு?”

“ஆபீஸ்லேருந்து போன் பண்ணச் சொல்றேன். வந்து கத்துக்கட்டும்.”

“அவ எப்பவோ கத்துக்கிட்டாச்சு, முதலாளி. போன்ல என்ன சொல்லுவீங்க? கை சரியாயிடுச்சுன்னா?”

கூடப்பிறந்தவள் அன்று மாலை கூப்பிட்டு, “அவர்கிட்ட ஏண்டி மல்லுக்கு நிக்கிற, வெளிய தெரிஞ்சா பள்ளிக்கு யார் வருவா?” என்று அழாத குறையாகச் சொன்னாள். “தெரியட்டும்” என்று அக்கா போனை வைத்தார்.

மறுநாள் மதியம் வெள்ளைக் கார் ரொட்டிக்கடைப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றது. அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா கீழிருந்து நடந்ததையெல்லாம் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: பிஸ்டன், துரு, சூடு, அத்தான், குப்பைத்தொட்டி. “உன் கையில ஒண்ணுமில்லடி! இறங்கி வா!”

“வேணாம்க்கா” என்றாள் அவள், ஈரப் போர்வையின் பின்னால் மறைந்துகொண்டு. “எனக்கு இனிமே தைரியம் வராது. நீங்க போங்க.”

அக்கா போகவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவை அகலத் திறந்து வைத்தார். சுற்றிவந்து தன் பக்கம் ஏறி உட்கார்ந்தார். காலியாகக் கிடந்த இருக்கையைத் தாண்டி வலது கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். தெரு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒருவர் திட்டினார், ஒரு குழந்தை வீறிட்டது, மாடியில் போர்வை விலகியது. அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.