நடேசு அண்ணையும் ஒரே ஷிப்டும்

இதை நீங்கள் நம்பப் போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து சொல்லிவிடுகிறேன். தோர்ண்டன் ஹீத்தில் என் வீட்டுக்கு அடுத்த தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த நடேசு அண்ணை காலமான செய்தி, எனக்கு அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வந்தது. ஒஹாயோவிலிருந்து அவருடைய தம்பி மகள் சுகி போன் எடுத்தாள்.

"மாமா, பெரியப்பா போயிட்டார்." கொஞ்சம் அழுதாள். பிறகு, "என்ர கலியாணத்துக்கு நனைஞ்சு வந்த மனிசனெல்லே" என்றாள்.

உங்களுக்கு அந்த நனைந்த கதையைச் சொல்வது என் தலையாய கடமை.

சுகிக்குத் தகப்பன் இல்லை. அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் அண்ணை. அவருக்கு மெய்க்காவலனாக நானும் விமானம் ஏறினேன். மாப்பிள்ளைக்கு வேலை ஒஹாயோவின் யங்ஸ்டவுனில். ஒரு காலத்தில் உலகத்துக்கே உருக்குக் காய்ச்சிய நகரம். ஆலைகள் மூடியபின் நகரின் நடுப்பகுதியில் மண்டபம் மலிவு. கார் நிறுத்த இடமோ யாழ்ப்பாணக் குடாநாட்டின் அளவு. டாக்சி எங்களை இறக்கிவிட்ட தெருவில் வானத்தை முட்டும் கட்டடங்கள் நின்றன, ஆள் ஒருவரும் இல்லை. சிக்னல் விளக்குகள் தங்கள் பாட்டில் நிறம் மாறிக்கொண்டிருந்தன. மனிதரைக் கண்டு பழக்கம் விட்டுப்போன ஒரு புறா எங்களைப் பார்த்து மயங்கி விழுந்தது.

ஒரேயொரு வாசலில் மட்டும் கார்களும் கோட் சூட்டும் தெரிந்தன. அண்ணை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நுழைந்தார். உள்ளே பூக்கள், மெல்லிய இசை, வாசலில் கைகுலுக்கல். பெண்ணின் பெரியப்பன் என்ற உரிமையோடு முன்வரிசையில் அமர்ந்தார்.

"அண்ணை, மணவறையைக் காணேல்லையே."

"பொறடா. இப்ப கொண்டு வருவினம்."

கொண்டு வந்தார்கள். சவப்பெட்டி.

"மெல்ல மாறுவம் அண்ணை. முகூர்த்தம் தவறப்போகுது."

அண்ணை எழும்பவில்லை. "அங்க பார். தூக்கிறதுக்கு நாலு கிழவங்கள். அதில ரெண்டு பேருக்கு ஊண்டி நடக்கப் பொல்லு. பெடியளெல்லாம் வேலை தேடி வேற ஊருக்குப் போயிட்டாங்கள் போல."

"செத்தவீட்டில கை வைச்சிட்டு முழுகாமல் மணவறைக்குப் போக ஏலாது. சுகிக்கு வேற ஆர் இருக்கினம்?"

"கையைக் கழுவலாமடா. இதைப் பார்த்திட்டுப் போனால், அதை எங்க கழுவுறது?"

அதற்குள் இறந்தவரின் மனைவி எங்களிடம் வந்தார். ஆலையில் கூட வேலை செய்தவரா என்று கேட்டார். அண்ணை வாழ்நாளில் தொட்ட ஒரே இரும்பு தோசைக்கல். ஒரு கணம் யோசித்தார்.

"ஒரே ஷிப்ட்" என்றார்.

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

நாங்களும் தோள் கொடுத்துப் பெட்டியை வண்டியில் ஏற்றியபின் எங்கள் சங்கடத்தைச் சொன்னோம். கிழவர்களில் ஒருவர் முன்னாள் தீயணைப்பு வீரர். பொல்லை எறிந்துவிட்டுத் தெருவோரத் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். அந்தத் தண்ணீர் அண்ணையை மூன்றாம் மாடி வரை தூக்கி, நகரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, அடுத்த தெருவில் எங்கள் மண்டப வாசலிலேயே இறக்கியது. மூடிக் கிடந்த ஆலைகள் சங்கு ஊதின.

"வெளியில மழையோ?" என்று ஐயர் கேட்டார்.

"ஓம் ஐயா. எனக்கு மட்டும் பெய்தது."

முகூர்த்தம் தவறவில்லை. தாரை வார்க்கச் செம்பில் தண்ணீர் தேவைப்படவில்லை, அண்ணையின் சால்வை நுனியே போதுமாக இருந்தது.

போன ஞாயிறு அண்ணையைத் தூக்க ஆறு பேர் போதும். அறுநூறு பேர் முண்டியடித்தார்கள். முழங்கையால் வழி செய்து நானும் ஒரு மூலையைப் பிடித்தேன். மயானத்து வெள்ளைக்காரர் நான் என்ன உறவு என்று கேட்டார்.

"ஒரே ஷிப்ட்" என்றேன். அண்ணையின் சொத்தில் எனக்கு வந்த பங்கு அதுதான். யாருக்கும் பிரித்துத் தரமாட்டேன்.

மற்றபடி புறா, மூன்றாம் மாடி, ஆலைச் சங்கு எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. பெயர் தெரியாத அந்த மனிதரை நாங்கள் இருவரும் தூக்கினோம்.