எண்ணெயில் தொட்ட முதல் துண்டு

நுணுக்கின மிளகு, நசுக்கின பூண்டு, அதோட மெஷின் சூடாகாம இருக்க ஊத்துற கூலண்ட்... இந்த மூணு வாசமும் சேர்ந்து வந்தா எனக்கு இப்பவும் முதுகு சில்லுன்னு ஆயிடும்.

அப்ப ஓசூர்ல ஒரு கம்பெனியில நான் ஆபரேட்டர். படிப்பு பத்தாவது, அதுக்கு மேல ஐடிஐ. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்ல. கோயிலும் பாத்தாச்சு, பெங்களூரு டாக்டரும் பாத்தாச்சு.

இத்தாலியிலிருந்து வந்த புது மெஷினை மாட்டிக் குடுக்க மார்க்கோன்னு ஒரு எஞ்சினியர் வந்தாரு. அவர்கூட எனக்குத்தான் டியூட்டி. அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே கிளாஸ்ல ஃபெயிலானது... அதனால நல்லா ஒத்துப்போச்சு.

மத்தியானம் கேன்டீன் பக்கமே வரமாட்டார். மெஷின் பக்கத்துல உக்காந்து, டப்பா மூடியில ஒரு எண்ணெய ஊத்தி, உப்பு, மிளகு, பூண்டு போட்டு, பிரட்டைப் பிச்சு அதுல தொட்டுச் சாப்பிடுவார்.

பாட்டில்ல பேரப் படிச்சேன். ஆலிவ் ஆயில்! நமக்கு அது மெடிக்கல் ஷாப்ல, கைக்குழந்தைக்குத் தேச்சுவிட வாங்குற சமாச்சாரம்.

"யோவ், பச்சப்புள்ள எண்ணெயத் திங்கிறான்யா இந்தாளு!"ன்னான் கூட வேலை பாத்த முனிராஜ்.

ஆனா தினமும் முதல் துண்டை அவர் சாப்பிடமாட்டார். எண்ணெயில தொட்டு, மூடி விளிம்புல ரெண்டு தட்டு தட்டி, எதிர்ல காலியா இருக்குற ஸ்டூலுக்கு நேரா ஒரு பேப்பர்ல வைப்பார்.

"பாருய்யா, அவங்க ஊர்லயும் காக்காய்க்கு வைக்கிறாங்க"ன்னு முனிராஜ் சிரிச்சான்.

நம்ம சோத்துக்குத் தினம் வர்ற காக்கா, அந்தத் துண்டை மட்டும் தொட்டதே இல்ல.

ஒருநாள் போன் வந்துச்சுன்னு ஆபீஸுக்குப் போனார். துண்டு பேப்பர்ல தனியா இருக்கு. எண்ணெய் ஊறிப் பளபளன்னு... நம்ம நாக்கு சும்மா இருக்குமா? லபக்.

மாவிலையைக் கசக்கின மாதிரி ஒரு பச்சை வாசம். அப்புறம் மிளகு சுருக்குன்னு ஏறுச்சு. அடடா... அப்படியொரு ருசி!

திரும்பி வந்தவர் பேப்பரைப் பாத்தார். என்னைப் பாத்தார். மீசையில எண்ணெய், பொய் சொல்லக்கூட வழியில்ல.

திட்டல. பர்ஸ்லேர்ந்து ஒரு போட்டோ எடுத்தார். முன்பல்லு விழுந்த சின்னப் பொண்ணு. "மை பேபி"ன்னு சொல்லி மேல கை காட்டினார்.

எனக்கு வாயில இருந்த ருசியெல்லாம் போச்சு.

அவர் அந்தக் காலி ஸ்டூலையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, என் பக்கம் திரும்பி, "ஓகே... நவ் ஷீ கோ வித் யூ"ன்னார். சிரிச்சார், கண்ணு கலங்கியிருந்துச்சு.

அதுக்கப்புறம் அவர் முதல் துண்டு வைக்கவே இல்ல.

ஊருக்குக் கிளம்புறப்ப மிச்ச பாட்டிலை என் கையில குடுத்து, "பேபி"ன்னார். "நோ பேபி சார்"ன்னேன். தோள்ல தட்டிட்டுப் போயிட்டார்.

அடுத்த மாசமே எங்க வீட்டம்மாவுக்கு நாள் தள்ளிப்போச்சு.

பொண்ணு பொறந்தா. அந்த எண்ணெயத்தான் தேச்சோம். தூக்கத்துல அவ சிரிச்சா, "சாமி பூ காட்டுது"ம்பா வீட்டம்மா. காட்டுறது யாருன்னு எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள உதறும். காய்ச்சல்னா போதும், அவளைத் திருப்பிக் கேட்டு வந்துட்டாங்களோன்னு ராத்திரியெல்லாம் முழிச்சிருப்பேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்தப் பிரட்டையும் அப்புறம் தொட்டதில்ல.

இப்ப அவ பெங்களூருல வேலைக்குப் போறா. போன ஞாயித்துக்கிழமை எங்களைப் பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போனா. நாலு பேர் டேபிள், நாங்க மூணு பேர்.

பிரட்டும் ஆலிவ் ஆயிலும் வந்துச்சு. பிச்சா. தொட்டா. தட்டு விளிம்புல ரெண்டு தட்டு தட்டி, காலி நாற்காலிக்கு நேரா ஒரு டிஷ்யூவுல வச்சா.

மெதுவாக் கேட்டேன். "யாருக்கும்மா அது?"

"தெரியலப்பா. இதைப் பாத்தாலே கை அப்படித்தான் போகுது. ஆபீஸ்ல எல்லாரும் ஓட்டுறாங்க."

"வேஸ்ட் பண்ணாதடி. உங்கப்பாவுக்குக் குடு, அவர் கண்ணு அங்கதான் இருக்கு"ன்னா வீட்டம்மா.

"வேணாம்மா. அது அப்பாவுக்கு இல்ல."

சாதாரணமாத்தான் சொன்னா. சொல்லிட்டு அடுத்த துண்டைப் பிச்சு எனக்கு ஊட்டிவிட்டா. அதே மாவிலை வாசம்...

அன்னைக்கு ஒரு அப்பன் தன் பொண்ணுக்கு வச்சதை யோசிக்காம எடுத்து முழுங்கினேன். இன்னைக்கு ஒரு பொண்ணு அந்த அப்பனுக்கு வச்சிருக்கா.

நான் கை நீட்டல. எழுந்து போய், அந்தக் காலி நாற்காலியைக் கொஞ்சம் வெளிய இழுத்து விட்டுட்டு வந்தேன்... உக்கார வசதியா.