நாலரை மணி பஸ்ஸும் நாடக மன்றமும்

எங்கள் மேல்நிலைப்பள்ளியில் நாடக மன்றம் மாலை நாலேகாலுக்குத் தொடங்கும். மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களுக்குப் போகும் எங்கள் பஸ் நாலரைக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் ஏழு மணிக்குத்தான் அடுத்தது. அதனால் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் யாரும் மன்றத்தில் கிடையாது. பேச்சு, ஓவியம், நாடகம் எல்லாமே விடுதிப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கும்தான். இப்படித்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். சட்டமாக இருந்திருந்தால் சண்டை போட ஒரு ஆளாவது கிடைத்திருப்பார்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது வட்டார நாடகப் போட்டிக்கு அறிவிப்பு வந்தது. பள்ளிக்கு ஓர் அணி. தலைப்பு, மரங்களைக் காப்போம். காட்டுக்குள்ளேயே குடியிருக்கிற எங்களிடம் வந்து இதைச் சொல்கிறார்களே என்று சிரித்தோம். சிரித்து முடித்ததும் மன்றப் பொறுப்பில் இருந்த தமிழ் டீச்சரிடம் நேராகப் போனேன்.

"டீச்சர், பஸ் புள்ளைங்க நாங்க அஞ்சு பேரு நாடகம் போடறமுங்க."

"எப்பக் கண்ணு பழகுவீங்க? மணி அடிச்சா ஓடிருவீங்களே."

"பஸ்லயே பழகிக்கிறமுங்க."

டீச்சர் சிரித்தார். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் விடுதி அணியும் நாங்களும் நடித்துக் காட்ட வேண்டும், நன்றாக இருப்பது போட்டிக்குப் போகும் என்றார்.

கதையை நாங்களே கட்டினோம். அண்ணன் தம்பி இருவரின் வரப்பில் ஒரு பலாமரம். அண்ணன் வெட்டச் சொல்கிறான், தம்பி விடமாட்டேன் என்கிறான். ஐந்து பேரும் பெண்கள்; நான்தான் அண்ணன். துண்டை எடுத்துத் தலையில் கட்டினால் எனக்கு மீசையே முளைத்த மாதிரி இருக்கும்.

பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு முன்னால் நின்றுதான் ஒத்திகை. வளைவுக்கு வளைவு வண்டி சாயும் என்பதால் ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொள்வோம். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் தொண்டை கிழியக் கத்துவோம். வளைவில் டிரைவர் ஹாரன் அடித்தால், அது ஓயும்வரை நிறுத்திவிட்டு அப்புறம் பேசுவோம். மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு வந்த ஓர் அம்மா மூன்றாம் நாளே எழுந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, ஒரு மரத்துக்கா இப்படி அடிச்சிக்கறது?"

"நாடகமுங்க."

"நாடகம்னாலும் வெட்டாதீங்க."

இரண்டாவது வாரம், நாங்கள் வசனத்தை மறந்தால் கண்டக்டரே எடுத்துக் கொடுத்தார். இனி நம்மை அசைக்க ஆளில்லை என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. வகுப்பறை மேசைகளை ஓரம் தள்ளி இடம் விட்டிருந்தார்கள். எங்கும் அமைதி. நான் வாயைத் திறந்ததும் முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஐந்து பேரும் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றோம். நின்றது எங்களுக்கே தெரியவில்லை. நான்கு வசனம் பேசுவதும், அடிக்காத ஹாரனுக்காக நிறுத்துவதுமாக நாடகம் நகர்ந்தது. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்து டீச்சர் தலையாட்டி ஊக்கம் கொடுத்தார். "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

அடுத்து விடுதி அணி நடித்தது. நன்றாகவே நடித்தார்கள், பொய் சொல்லக் கூடாது. மணி அடித்தது. "நல்ல முயற்சி கண்ணு," என்றார் டீச்சர். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லா மாணவர்களுக்கும் தெரியும். என் கூட்டாளிகள் பையை எடுத்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தடவை பாருங்க டீச்சர்," என்றேன்.

"பஸ்ஸு?"

"போனாப் போவுதுங்க."

கோபத்தில்தான் சொன்னேன். சொன்ன பிறகு பின்வாங்க மனமில்லை. தம்பியாக நடித்தவள் என் கையைக் கிள்ளி, "எங்கம்மா தோலை உரிச்சிருவாங்க," என்றாள். "குறுக்குப் பாதையில நடந்தா ரெண்டு மணி நேரம், இருட்டறதுக்குள்ள போயிரலாம்," என்றேன். அவள் என்னை முறைத்துவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள்.

இந்த முறை தலைத்துண்டை இடுப்பில் கட்டி, வலது கையை அதில் செருகிக்கொண்டேன். எதிரில் நிற்பவளுக்குக் கேட்டால் போதும் என்று பேசினேன். பாதி நாடகத்தில் வெளியே ஹாரன் அடித்தது. எங்களைக் காணோமென்று கண்டக்டர் சொல்லி டிரைவர் மூன்று முறை அடித்தார். பழக்க தோஷத்தில் ஐந்து பேரும் நிறுத்தினோம். ஒருத்தியும் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாரன் ஓய்ந்ததும் நான் அடுத்த வசனத்தைச் சொன்னேன். பஸ் கிளம்பிப் போனது. நாடகம் முடியும்வரை யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் எழுந்து எங்களிடம் வந்தார். "போட்டிக்கு விடுதி அணிதான் போகும். அவங்க முதல் தடவையே சரியாச் செஞ்சாங்க, அத மாத்த மாட்டேன்," என்றார். பிறகு, "உங்க பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"நாலரைங்க."

"அப்ப மன்றத்த மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்திடறேன். திங்கக்கிழமை வந்து பேரு குடுங்க."

அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. இத்தனை வருஷம் இந்த ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லையே! நாங்களும்தான் கேட்க வைக்கவில்லை.

வீடு சேர்ந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தார். "பஸ்ஸ ஏண்டி உட்ட?"

"நாடகம் இருந்துச்சு."

"செயிச்சியா?"

"இல்ல. ஆனா சேத்துக்கிட்டாங்க."

"இதுக்கா இத்தன தூரம் நடந்த?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு மணி அடித்ததும் பேர் கொடுக்க ஓடினோம். சேதி காலையிலேயே பரவியிருந்தது; ஆசிரியர் அறை வாசலில் எங்களுக்கு முன்பே ஒரு வரிசை நின்றது. அரியூர் நாட்டு பஸ்ஸில் வருகிறவர்கள், எங்கள் பஸ்ஸிலேயே முன் சீட்டில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வருகிறவர்கள், ஆறாம் வகுப்பு வாண்டுகள் வரை. வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டோம்.